மூடியைத் திறக்காமல் இருக்க முடியுமா?

மிக்ஸி, கிரைண்டர், குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, போன தீபாவளிக்கு வந்த ஏர் ஃபிரையர். இத்தனைக்கும் இடம் கொடுத்த சமையல் மேடையில் ஸ்லோ குக்கருக்கும் இடம் உண்டா என்று எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகப் பேச்சு ஓடுகிறது. ஆரம்பித்து வைத்தவள் அக்கா மகள். பெங்களூரில் ஆஸ்பத்திரி வேலை, ஷிப்ட் டியூட்டி. காலையில் கறி, வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகு, தண்ணீர் எல்லாம் போட்டு மூடிவிட்டுப் போவாளாம். வந்து திறந்தால் சாப்பாடு ரெடியாம். "சித்தி, அடுப்புப் பக்கமே போக வேண்டாம்" என்கிறாள். ஊருக்கு வந்தபோது தன்னுடையதைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்க்கச் சொல்லி விட்டுவிட்டும் போனாள்.

பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றி மெல்லிய சூடு தரும் மின்கம்பி, மேலே கண்ணாடி மூடி. லோ, ஹை என்று இரண்டு நிலை. லோவில் சூடு குறைவு என்றுதான் எல்லாரும் நினைப்போம். பெரும்பாலானவற்றில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். லோ அங்கே போய்ச் சேர அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 200 வாட் பானை எட்டு மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான். கரண்ட் பில்லைக் காட்டி இதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர் சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன். அவருடைய அம்மா லித்துவேனியாவில் வளர்ந்த யூதப் பெண். சபாத் என்னும் ஓய்வு நாளில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறும் கறியும் போட்ட சோலண்ட் பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம். தணிந்துகொண்டே வரும் அந்தச் சூட்டில் அது இரவெல்லாம் வேகும். அம்மா சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் மகனுக்கு யோசனை பிறந்தது. 1940-இல் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் முப்பது வருஷம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970-இல் ரைவல் கம்பெனி அவருடைய தொழிலை வாங்கி, மறு வருஷம் 'கிராக்-பாட்' என்று பெயர் சூட்டி இறக்கியதும் பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்காவில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் ஆளே இல்லாமல் சமையல் ஆகும் என்பதற்குத்தான் காசு கொடுத்தார்கள். ருசி அப்புறம்.

நம்மிடமும் இந்தச் சங்கதி இல்லாமல் இல்லை. மண் அடுப்புக்குப் பக்கத்திலேயே கொடி அடுப்பு என்று ஒன்று இருக்கும். விறகு எரிவது பெரிய அடுப்பில். மிஞ்சிய அனல் உள்வழியாக வந்து பக்கத்துக் கண்ணில் வைத்த பாத்திரத்தைச் சுடும். பாட்டி அதில் பால் வைத்தால் மத்தியானத்துக்குள் ஏடு செம்பழுப்பாகித் தடித்திருக்கும். பருப்பும் அங்கேதான் மசியும். தனியாக விறகு கிடையாது, செலவும் கிடையாது. கேஸ் அடுப்பு வந்ததும் அந்தக் கண் போயிற்று. 1959-இல் இங்கே தயாராகத் தொடங்கிய ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் குக்கர்கள் நாளடைவில் வீட்டுக்கு வீடு நுழைந்தபின், நான்கு விசிலில் வேகிற பருப்புக்கு நாலு மணி நேரம் காத்திருக்க யாருக்கு மனசு வரும்?

என் சந்தேகமெல்லாம் நம் சமையலைப் பற்றியது. புளிக்குழம்பு சுண்ட வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிய வேண்டும். ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் முட்டி மறுபடி உள்ளேயே சொட்டும். போட்ட தண்ணீர் போட்டபடி நிற்கும். குழம்பு சுண்டவே சுண்டாது. வெங்காயம் வேகும், சிவக்காது. எனவே வதக்க ஒரு வாணலி, தாளிக்க ஒரு கரண்டி, கடைசியில் வற்ற வைக்க மறுபடி அடுப்பு. கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்று கூடியதுதான் மிச்சம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு சாம்பார் வைக்கலாம் என்றாள் அக்கா மகள். புளித்தண்ணீரில் துவரம்பருப்பு லேசில் மசியாது. பருப்பைத் தனியே வேகவைத்து அப்புறம் புளியைக் கரைத்து ஊற்றுவது அதற்காகத்தான்.

ஆட்டுக்கால் விஷயத்தில் மட்டும் ஸ்லோ குக்கரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாட்டிச் சுரண்டிய கால்களை மஞ்சள் போட்டுக் கழுவி, நசுக்கிய மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், ஒரு தக்காளியோடு ராத்திரி போட்டு வைத்தேன். காலையில் கரண்டி பட்டதுமே தோல் எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுகிற சூப். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் கத்தி போட்டு வெட்டலாம் போல உறைந்துவிட்டது. தோலிலும் நரம்பிலும் இருக்கிற கொலாஜன் நெடுநேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறுவதன் வேலை அது. பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் இதே மாற்றம் ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடும். சாப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் இருக்கிறது. பானை வாங்குகிற அளவுக்கு இல்லை. அதுபோக, விடியற்காலை மூன்று மணிக்கு வீடு முழுக்க ஆட்டுக்கால் மணக்கும்போது தூங்கிப் பாருங்கள், தெரியும்.

பயறு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஜ்மாவை ஊறவைத்து நேராக இதில் போடக் கூடாது. அதில் உள்ள லெக்டின் என்கிற நச்சு இந்த இளஞ்சூட்டில் முழுசாக அழியாது; வாந்தி, பேதி வரை கொண்டுபோய் விடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே பானைக்குப் போக வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பானையை வாங்கிவந்து தருகிறோம் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட். அதை நம் 230-இல் செருகினால் சூடு நான்கு மடங்கை நெருங்கும், பானை தாங்காது.

கரண்ட் போவது இன்னொரு தொல்லை. பட்டன் வைத்த டிஜிட்டல் மாடல்கள் பல, கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. நாம் ஆபீசில் இருப்போம், கறி வெதுவெதுப்பில் கிடக்கும். எத்தனை நேரம் அப்படிக் கிடந்தது என்று தெரியாத கறியைக் கொட்டத்தான் வேண்டும். குமிழைத் திருகும் பழைய மாடல் கரண்ட் வந்ததும் தானாக ஓடும்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல், மாமியார். கொதிக்கிற எதையும் திறந்து, கரண்டி விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிஷம், அரை மணி ஆகும். "வேகுதா இல்லியான்னு பாக்காம எப்படிம்மா?" என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பகலெல்லாம் ஆள் இருக்கிற வீடு; காலை ஏழரைக்குள் மூன்று டப்பா கட்டியாக வேண்டும். ஆளில்லாத பகலுக்காகச் செய்த பானைக்கு இங்கே என்ன வேலை?

அக்கா மகள் மாதிரி ஷிப்டில் தனியாக இருப்பவர்கள், பல் இல்லாத பெரியவருக்கு இரவெல்லாம் நொய்க்கஞ்சி வேகவைக்கிறவர்கள், வாரம் தவறாமல் எலும்பு வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மூன்று லிட்டர் போதும். ஆறு லிட்டர் பீங்கானைத் தூக்கித் தொட்டியில் கழுவி இறக்க இடுப்பில் தெம்பு வேண்டும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும், ஜாக்கிரதை. மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு அடிகனமான பாத்திரம் ஒன்றை, இறுக மூடுகிற தட்டோடு வாங்கி சிம்மில் வையுங்கள். எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது: ஸ்லோ குக்கர் வேண்டாம்.