ஈயம் போன பின்னும் ஈப்போ

ஈப்போ என்றதும் இன்றைய பிள்ளைகளுக்கு வெள்ளைக் காப்பியும் தவுகேக் கோழியும் நினைவுக்கு வரும். நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஈயம் என்றுதான் சொல்வார்கள். ஈயத்தால் எழுந்து, ஈயத்தால் விழுந்து, மீண்டும் எழுந்துகொண்டிருக்கும் நகரம் அது. தோட்டத்தில் வாழும் நாம் அதன் கதையை அறிந்துகொள்வது நல்லது.

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். பூர்வகுடி மக்கள் அதன் பாலை ஊதுகுழல் அம்புகளில் நஞ்சாகத் தடவினார்கள். கிந்தா ஆற்றில் படகுகள் ஏறிவரக்கூடிய எல்லையில் ஊர் அமைந்ததால், படகில் அரிசி வந்தது, ஈயம் போனது. 1892-இல் பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. ஈய வருமானம் இருந்ததால் மறுபடி கட்டினார்கள். 1917-இல் கட்டி முடித்த இரயில் நிலையம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

அந்தச் செல்வத்துக்கு ஆறும் விலை கொடுத்தது. லம்பங்களில் கழுவிவிட்ட மணல் ஆற்றில் படிந்து, அது மேடாகி, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று டூலாங் தட்டில் மண்ணை அலசி, குடும்பத்தைக் காத்தார்கள்.

1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்தது. விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1988-இல் ஈப்போ மாநகர் ஆனபோது, இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்க்கொண்டிருந்தார்கள்.

பத்து காஜா அருகே, 1938-இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள ஈயக் கப்பல் ஒன்றைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். 1982 வரை மண்ணை வாரியது அது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போனேன். எல்லாரும் அதன் உயரத்தைப் பார்த்து வியந்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும், "சார், இதுல வேலை செஞ்சவங்க எல்லாம் அப்புறம் எங்க போனாங்க?" என்று கேட்டாள். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது அவள் பாட்டி பால்வெட்டுக் கத்தியைப் பரணில் போட்டவர். அவள் அப்பா இன்று குலை வெட்டுகிறார். அவள் கேள்வி கப்பலைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்குப் பட்டது.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பலர் ஊரை விட்டுப் போனார்கள். இருந்தவர்கள் கையிலிருந்ததைக் கொண்டு பிழைத்தார்கள். தஞ்சோங் துவாலாங்கில் பழைய ஈயக்குட்டைகளில் இறால் வளர்த்தார்கள். புந்தோங்கில் நம்மவர்கள் வீட்டு அடுப்பில் வறுத்த கச்சாங் பூத்தே, ஊர் பெயர் சொல்லும் தொழிலாயிற்று. 2010-இல் கோலாலம்பூரிலிருந்து மின்சார இரயில் ஓடத் தொடங்கியதும் பயணிகள் பெருகினார்கள். பூட்டிக் கிடந்த பழைய கடைவீடுகள் காப்பிக் கடைகளாயின. சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்கா ஆயிற்று.

ஆயினும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வார இறுதியில் நிரம்பும் கடைகளால் ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் வேலை தர முடியாது. படித்தவர்கள் இன்னும் வெளியூர்தான் போகிறார்கள்.

பெற்றோர்களே, ஒரே பொருளை நம்பிய ஊருக்கு வந்தது, ஒரே வேலையை நம்பிய குடும்பத்துக்கும் வரும். ஈப்போக்காரருக்கு லம்பம் மூடினாலும் ஊர் மிஞ்சியது. நமக்கோ வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். ஆகவே பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வெல்டிங், தையல், மின்சார வேலை என்று இரண்டாவது தொழில் ஒன்றையும் பழக்குங்கள். சிறிதாயினும் சொந்த வீட்டுக்கு இன்றே சேமியுங்கள். தோட்டத்தில் வேலை இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.