மடிப்பில் நின்ற சொல்

கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா. அவர் தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்று நாலாக மடித்தபடி எங்கள் தகரப் பெட்டியில் கிடந்தது. பிரித்தால் மடிப்போடு பிளந்துவிடும். அதை எடுத்துக்கொண்டுதான் திருக்கோகர்ணத்தில் ஐயாவைப் பார்க்கப் போனேன். பழைய காகிதம் ஒட்டுவதிலேயே தலை நரைத்தவர்.

"இதைத் தொடாத தம்பி. முதல்ல பசை காய்ச்சு."

மூன்று வாரம் பசைதான். மைதாவைச் சலித்து, கட்டி தட்டாமல் கரைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கண்ணாடிபோல ஆகும்வரை கிளற வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, கஞ்சித் தெளிவுக்கு நீர்க்க வைக்க வேண்டும். பசை கெட்டியாக இருந்தால் காய்ந்ததும் தாளைச் சுருட்டி இழுக்கும். என் முதல் பத்துத் தாளும் அப்பளமாக நெளிந்தன. நல்லவேளை, அவை பழைய கணக்குத் தாள்கள். ஒட்டும் மெல்லிய ஜப்பான் தாளைக் கத்தரிக்கக் கூடாது, ஈரக்கோடு போட்டுக் கையால் கிழிக்க வேண்டும். பஞ்சாக நிற்கும் அந்த ஓரம்தான் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நாலாவது வாரம் கடிதத்தை எடுத்தார். ஓர் எழுத்தின் வாலில் ஈரம் தொட்டு ஒற்றுத்தாளை அழுத்தினார். மை கசியவில்லை. நெடுமடிப்பு ஒரு சொல்லை இரண்டாக வெட்டியிருந்தது. இந்தப் பக்கம் 'சிட்', அந்தப் பக்கம் 'னி'.

"நம்ம ராஜா போன ஊரு" என்றார் ஐயா.

புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-இல் மெல்போர்ன் பெண் மோலி ஃபிங்கை மணந்தார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. 1916-இல் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள், அவ்வருடமே சிட்னியில் மகன் பிறந்தான். அந்தப் பிள்ளைக்குப் பட்டம் இல்லை என்றாகி, 1922-இல் ஆட்சி ரீஜண்ட் கைக்குப் போனது. ராஜா பிரான்சின் கான் நகரில் குடியேறி, 1928-இல் பாரிசில் இறந்தார். இங்கே ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள்.

"புரட்சிக்குப் பயந்து பிரான்சு ராஜ குடும்பத்துல சிலர் இங்கிலாந்துல போய்த் தங்குனாங்க. நம்மவர் அந்தப் பிரான்சுக்கே போயிட்டார்" என்று சொல்லிக்கொண்டே தூரிகையை என் கையில் தந்தார்.

முதல் தடவை 'னி' ஒரு மயிரிழை கீழே இறங்கிவிட்டது. காயும் முன் ஈரம் ஒற்றி எடுத்து மறுபடி வைத்தேன். மேலும் கீழும் ஒற்றுத்தாள், அதன்மேல் கண்ணாடிப் பலகை. இரவு முழுக்கத் தூக்கமில்லை.

காலையில் ஐயா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சிட்னி ஒரே சொல்லாக இருந்தது.