கடலோரமாக ஏழு நாள்

குழந்தைகள் கூட இருந்தவரை பயணம் என்றால் எனக்குப் பெட்டி கட்டுவதும் புளியோதரை கிளறுவதும்தான். எங்கே, எத்தனை நாள் என்பதையெல்லாம் பள்ளிக்கூட லீவும் இவருடைய ஆபீசும் தீர்மானிக்கும். இப்போது மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மகன் வேலைக்காகப் புனேயில். சென்னையிலிருந்து கடலோரமாகவே ராமேஸ்வரம் வரை காரில் போய்வரலாம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று பேச்சு வந்தது. "திட்டமெல்லாம் நீயே போடு" என்றார் இவர். சொன்னாரே ஒழிய, விட்டாரா?

"கன்னியாகுமரி வரைக்கும் போகாட்டா அது என்ன கடற்கரைப் பயணம்?"

ஏழு நாளில் திரும்பி வரவும் வேண்டுமே! இவருக்குச் சர்க்கரை, எனக்கு மூட்டுவலி. இருட்டினபின் வண்டி ஓட்டுவதில்லை என்பது கண் ஆபரேஷனுக்குப் பிறகு நாங்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். ஒன்றரை மணிக்கு ஒரு தரம் இறங்கி நாலு எட்டு நடக்காவிட்டால் எனக்குக் கால் மரத்துப் போகும். இத்தனையையும் கூட்டிக் கழித்துக் கன்னியாகுமரியை அடித்துவிட்டேன். மகாபலிபுரமும் போயிற்று; அது பத்துத் தரம் பார்த்தது.

மாதம் எது என்பதில் தகராறு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். தனுஷ்கோடி அழிந்ததே 1964 டிசம்பர் புயலில்தானே! ஆகவே பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை அமாவாசையை ஒட்டி இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது.

முதல் இரவு புதுச்சேரி. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு, சாயங்காலம் தரங்கம்பாடி. அங்கே இரண்டு இரவு என்று எழுதியதைப் பார்த்ததும் இவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தச் சின்ன ஊர்ல ரெண்டு நாள் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கிறது."

டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது. கடல் அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1706-இல் சீகன்பால்க் வந்திறங்கிய கரையும் அதுதான். எல்லாவற்றையும் ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம், உண்மைதான். மீதிப் பொழுதுக்குத்தான் நான் அந்த ஊரையே தேர்ந்தெடுத்தேன். வீட்டில் எங்கள் பேச்சு குழந்தைகள், மாத்திரை, பால் பாக்கெட் என்று மூன்றே விஷயத்தில் முடிந்துவிடுகிறது. அது இல்லாமல் எங்களுக்குள் பேச என்ன மிச்சமிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கொஞ்சம் பயமும்கூட. "டிரைவரைப் போட்டுக்கோங்கம்மா" என்று மகள் சொன்னதற்கு நான் தலையாட்டாததும் இதனால்தான்.

நான்காம் நாள் நாகூர், வேளாங்கண்ணி. ஐந்தாம் நாள்தான் நீளமானது. 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யத்தில் உப்பளங்களைப் பார்த்துவிட்டு, சரபோஜி மன்னர் கட்டிய மனோராவில் கட்டுச்சாதத்தைப் பிரித்து, பொழுது சாய்வதற்குள் ராமேஸ்வரம் சேர வேண்டும். காலை ஏழுக்கே கிளம்பினால்தான் உண்டு. ஆறாம் நாள் விடிந்ததும் தனுஷ்கோடி, பிறகு திருச்சியில் தங்கல், ஏழாம் நாள் வீடு.

மூட்டை விஷயத்தில் மட்டும் நான் பழைய ஆள்தான். இவருடைய இன்சுலினை நிறுத்திய காருக்குள் விட்டால் சூட்டில் வீரியம் போய்விடும். ஐஸ் மேல் நேராக வைத்தால் உறைந்து கெடும். ஈரத்துணி சுற்றிய டப்பாவில் போட்டு, இறங்கும் இடமெல்லாம் என் கைப்பையோடு வரும். சாப்பாடு தள்ளிப்போனால் கைகொடுக்கக் குளுகோசும் பொட்டுக்கடலையும். கோயில் பிராகாரத்துக் கல் மத்தியானத்தில் கொதிக்கும். சர்க்கரைக்காரர்களுக்குச் சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். அதனால் கோயிலுக்கெல்லாம் காலை எட்டுக்குள், இல்லாவிட்டால் சாயங்காலம். தீர்த்தமாடிவிட்டு ஈரத்தோடு நிற்காமல் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணி தனிப்பையில்.

தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த அறையாகச் சொல்லிவைத்தாயிற்று. இவர் இன்னும் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. நேற்று கடைக்குப் போய்விட்டு வந்தவர், சத்தமில்லாமல் ஒரு சீட்டுக்கட்டைப் பெட்டியின் மூலையில் செருகியதைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் ரம்மியில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. அது இவருக்குத் தெரியாது!