மூங்கில் தரையும் எங்கள் ஊர் ஈரமும்

மூங்கில் மரமா, புல்லா என்னும் வினாவை இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் எழுப்புவது என் வழக்கம். மாணவர்களுள் பெரும்பாலோர் மரம் என்பர். தாவரவியல் பயின்ற ஓரிருவர் மட்டும் புல் என்று தயங்கித் தயங்கிச் சொல்வர். தொல்காப்பியர் மரபியலில் இதற்கு எப்போதோ விடை வகுத்துச் சென்றுவிட்டார். அகத்தே காழ் உடையது மரம்; புறத்தே காழ் உடையது புல். காழ் என்பது வயிரம், உறுதி. அவ்வரையறைப்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தவை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ மூங்கிலை மரம் என்றே கொண்டிருந்தது. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தில்தான் மரம் என்னும் சொல்லின் வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. சட்டம் தொல்காப்பியரிடம் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்தப் புறக்காழ்ப் புல் பாடநூலை விட்டிறங்கி எங்கள் வீட்டுத் தரைக்கே வர முற்பட்ட கதையை இங்கே எழுதுகிறேன். கடற்கரை ஊர்களில் வீடு கட்டுவோருக்கும், பழைய வீட்டைப் புதுக்குவோருக்கும் இது பயன்படக்கூடும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் பெய்த மழையை எங்கள் தலைமுறையினர் மறத்தல் இயலாது. காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் நாங்கள் பெறும் மழையைக் காட்டிலும் அது மிகுதி. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்காலளவு நீர் இரண்டு நாள் நின்றது. வடிந்தபின் பார்த்தால், பளபளப்பான தரை ஓடுகள் பல இடங்களில் பிடிப்பு விட்டு எழும்பியிருந்தன. காலை வைத்தால் வெறுங்குடத்தைத் தட்டினாற்போல் ஓசை எழுந்தது. அந்த ஓடுகளின்மீது எனக்கு முன்பே மனக்குறை உண்டு. 2021இல், ஒளுச் செய்துவிட்டு ஈரக்காலோடு வந்த உம்மா அவற்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 74. எலும்பு கூடிற்று, நடையிலிருந்த துணிவு திரும்பவில்லை. கூடத்தின் நடுவே நடப்பதை விட்டுச் சுவரைத் தொட்டபடியே நடக்கலானார்கள்.

தம்பி சிங்கப்பூரில் பணிபுரிகிறான். செய்தி அறிந்ததும், “காக்கா, இந்த டைல்ஸையெல்லாம் பேத்துப் போட்டுட்டு வீடு முழுக்க மூங்கில் தரை போட்டுருவோம். இங்கேயும் நம்ம ஊர்ப் புழுக்கம்தான். என் வீட்டுல அஞ்சு வருஷமா அப்படியே கெடக்கு. உம்மாவுக்குக் காலும் சில்லுன்னு இருக்காது” என்றான். செலவை ஏற்பவன் அவன். தாயின் நலம் நாடிச் சொன்ன சொல் அது. மறுப்பதாயினும் தக்க காரணம் காட்டி மறுக்க வேண்டும். ஆகவே, தமிழ் படித்தவனுக்குத் தரையைப் பற்றி என்ன தெரியும் என்று விலகாமல் விசாரிக்கத் தொடங்கினேன்.

மூங்கில் தரை என்றவுடன் கழைகளைப் பிளந்து பரப்புவது என்று எண்ணிவிடக் கூடாது. சந்தையில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி சீனத்தில் ‘மோசோ’ எனப்படும் பெருமூங்கிலால் ஆனது. மூன்று முதல் ஐந்து ஆண்டு முதிர்ந்த கழையே தரைக்கு ஏற்றது. இளங்கழையில் உறுதி குறைவு. கழையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தொல்காப்பியர் சொன்னது கண்ணுக்குப் புலனாகும். நார்க்கற்றைகள் புறத்தே நெருங்கியும் உள்ளே போகப்போகக் கலைந்தும் காணப்படும். ஆனால் மெழுகுத்தன்மை வாய்ந்த மேல்தோலில் பசை பிடிக்காது. ஆதலின் அதனைச் சீவி, உட்புறத்து மென்பகுதியையும் நீக்கி, இடைப்பட்ட பகுதியையே எடுத்துக்கொள்கின்றனர். அதனைப் பட்டைகளாக அடுக்கி ஒட்டுவது ஒருவகை. நாராக நசுக்கி, பிசினில் தோய்த்து, பேரழுத்தத்தில் கட்டியாக்கிப் பலகையாக அறுப்பது மற்றொரு வகை. நாரை நெய்தாற்போல் தோன்றுவதால் இதனை நார்நெசவுப் பலகை என்று நான் எனக்குள் பெயரிட்டுக்கொண்டேன்.

கடையில் முதலில் காட்டுவது நிறம். தேன்போன்ற பழுப்பு நிறத்தைக் கண்டு மயங்காதார் இல்லை. அந்நிறம் சாயத்தால் வருவதன்று. நீராவியில் மூங்கிலை வேகவைத்து, அதிலுள்ள சர்க்கரையைக் கருக்கிப் பெறுவது. அவ்வாறு வெந்த மூங்கில், இயல்பான வெளிர்மஞ்சள் மூங்கிலைவிட மென்மையாகிவிடுகிறது. அழகுக்காக உறுதியை விற்கும் அந்த வாணிகம் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்துக் காட்டுவது கடினத்தைக் குறிக்கும் எண். ஓர் எஃகுக் குண்டைப் பாதியளவு பலகைக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பது ஜான்கா சோதனை. தேக்குக்கு அது ஏறத்தாழ 1,000 பவுண்டு. நார்நெசவுப் பலகைக்கோ 3,000 பவுண்டு அளவில் சொல்கின்றனர். தேக்கினும் மும்மடங்கு! கேட்டவுடன் எவரும் பணப்பையைத் திறந்துவிடுவர். ஆனால் கட்டில்கால் பதியாமல் காக்க அந்த எண் உதவுமேயன்றி, எங்கள் ஊரில் தரையைக் கெடுக்கும் இரண்டு பகைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஒன்று மணல். கடற்கரை மணல் காலோடு வீட்டுக்குள் வருவதை எந்த மிதியடியாலும் முற்றும் தடுக்க முடியாது. அது பலகையின் மேற்பூச்சை உப்புத்தாள்போல் தேய்க்கும். மூங்கில் எவ்வளவு கடினமாயினும் தேய்வது பூச்சல்லவா? பூச்சு போனபின் ஈரம் நுழையும். அந்த ஈரம்தான் இரண்டாவது பகை.

மரமும் மூங்கிலும் காற்றிலுள்ள ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வாழ்பவை. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாயின் மரம் தன் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீரை ஏற்று நிற்கும். 80 விழுக்காடாயின் 16 விழுக்காடு வரை செல்லும். மூங்கிலின் போக்கும் பெரும்பாலும் இதுவே. ஆலையிலிருந்து பலகை நன்கு உலர்ந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர்க் காற்று அதனை நனைக்கும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று அதனை உலர்த்தும். நனைந்தால் பெருக்கும், உலர்ந்தால் சுருங்கும். ஐந்து அங்குலப் பலகை ஒன்று அரை மில்லிமீட்டர் பெருப்பதாகக் கொள்வோம். கண்ணுக்கே தெரியாது. 12 அடி அகல அறையில் அத்தகைய பலகைகள் 29 இருக்கும். அனைத்தும் சேர்ந்து 14 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளும். சுவர் விலகுமா? விலகாது. தரைதான் நடுவில் ஒட்டக முதுகுபோல் எழும்.

உத்தரவாதச் சீட்டை வாங்கிப் படித்தேன். சீட்டின் முகப்பில் 25 ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்புறம் சிறிய எழுத்தில், அறையின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்றொரு நிபந்தனை. கடலோரத்தில் சாளரத்தைத் திறந்து வைத்து வாழ்வோர் எவருக்கும் அந்த உத்தரவாதம் செல்லாது என்பதே இதன் பொருள். தம்பியின் வீட்டுத் தரை ஏன் கெடவில்லை என்பதும் அப்போது விளங்கியது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் என்பது மெய்தான். ஆயினும் அவன் குடியிருப்பது பதினொன்றாம் மாடி. அங்கே நிலத்தின் கசிவு எட்டாது. குளிரூட்டும் கருவி காற்றின் ஈரத்தைக் குறைத்துவிடுகிறது. ஊர் ஈரமானது, அவன் அறை அன்று.

உளுத்துப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூங்கிலின் மாச்சத்தை நாடிச் சிறுவண்டு துளைத்து மாவாக்கிவிடும். நம் முன்னோர் கழைகளை வாரக்கணக்கில் நீரில் ஊறவைத்து அச்சத்தைக் கரைத்தனர்; இன்று வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊட்டம் தருகின்றனர். பத்தமடையில் பாய்க்குரிய கோரையை ஓடும் நீரில் ஊறப்போடுவதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கோரையும் ஒருவகைப் புல்லாதலால், ஊறிக் கிடந்த மூங்கிலைப் பற்றிக் கேட்டபோது அது எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. பலகை வாங்குவோர் இந்த ஊட்டம் தரப்பட்டதா என்று கேட்பது நன்று. எந்தப் பிசினால் ஒட்டியது, அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி எந்த அளவுக்கு வெளியாகும் என்றும் கேட்க வேண்டும். அடைத்த அறையில் உறங்கும் குழந்தைகளுக்கு அது ஆகாது. கடைக்காரர் விடை சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

நான் இவ்வாறு ஏடும் எண்ணுமாக உழன்றுகொண்டிருக்க, உம்மா ஒரு சோதனையைச் சத்தமின்றி முடித்துவிட்டார்கள். கடையில் தந்த மாதிரித் துண்டைக் கிணற்றடி வாளியில் மூன்று நாள் போட்டு வைத்து, பிறகு எடுத்து வெயிலில் காயவைத்து என்னிடம் காட்டினார்கள். விளிம்பு பருத்துத் தடித்திருந்தது. காய்ந்தபின்னும் பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. “ரெண்டு நாள் தண்ணி நின்ன வீட்டுல இத எங்க வாப்பா போடுவே?” என்றார்கள். நாற்பது பக்கம் படித்து நான் எட்டிய முடிவும் அதுவே.

கீழ்த்தளத்துக்கு வேறொரு தடையும் இருந்தது. இரண்டடிச் சதுர நெகிழித் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டு எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் முத்துமுத்தாக நீர்த்துளிகள். மழை ஓய்ந்து மூன்று மாதம் கழிந்த பின்பும் நிலம் ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. மேல்மாடி அறையில் அதே தாள் உலர்ந்தே இருந்தது. ஆகவே கீழே மூங்கில் வேண்டாம், தம்பி வந்தால் தங்கும் மேல்மாடி அறையில் போடலாம் என்று முடிவு செய்தோம்.

அவனிடம் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. “உம்மாவுக்காகச் சொன்னேன். நீங்க என் ரூமுக்குப் போடுறேங்கிறீங்க” என்றான். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. உம்மாவின் கால் நடமாடும் தரை என்னவாவது என்பதே அவன் கேட்காமல் கேட்ட கேள்வி. அதற்கும் உம்மாவே வழி சொன்னார்கள். “மொட்டை மாடித் தட்டோட்டுல மழையில நடந்து துணி எடுத்திருக்கேன். ஒரு நாளும் வழுக்கலியே!” மெருகிடாத சுட்ட மண்ணோடு சொரசொரப்பானது, சிறிதளவு நீரைத் தானே குடித்துக்கொள்வதால் காலடியில் நீர்ப்படலம் தங்குவதில்லை. வெள்ளம் வந்தாலும் வடிந்தபின் கழுவிக் காயவிட்டால் போதும். அடிப்பூச்சு நன்கு காய இடம் தந்து, கூடத்திலும் உம்மாவின் அறையிலும் அதனையே பதித்தோம். அழகு குறைவு என்று உறவினர் சிலர் முகம் சுளித்தனர்.

மேல்மாடிக்கு வெளிர்மஞ்சள் நிற நார்நெசவுப் பலகை வந்தது. கட்டைப் பிரித்து, காற்றுப் புகுமாறு இடைவெளி விட்டு, அதே அறையில் அடுக்கி வைத்தோம். இவ்வகைப் பலகைக்கு இரண்டு மூன்று நாள் போதாது, வாரக்கணக்கில் வேண்டும். தச்சர் பொறுமை இழந்தார். நான் ஒரு பலகையைத் தெருமுனை மளிகைக் கடைக்கு வெள்ளிதோறும் எடுத்துச் சென்று மின்தராசில் நிறுத்தேன். முதல் வாரம் 2 கிலோ 310 கிராம். ஐந்தாம் வாரம் 2 கிலோ 372 கிராம். அதன்பின் இரண்டு வாரம் எடை மாறவில்லை. எங்கள் ஊர்க் காற்றோடு அது உடன்பட்டுவிட்டது என்று அறிந்து, ஏழாம் வாரத்தில் பணியைத் தொடங்கச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்ததைப் பொருட்படுத்தவில்லை.

சுவரோரம் நான்கு புறமும் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதனை மூட மரப்பட்டை அடித்தார் தச்சர். பட்டையைச் சுவரில் மட்டும் அடிக்க வேண்டும். தரையோடு சேர்த்து அடித்தால் இடைவெளி விட்டதன் பயன் கெட்டுவிடும். குளியலறை வாயிலில் தடித்த பருத்தி விரிப்பு ஒன்று கிடக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் அவ்வறைக்கு மட்டும் இல்லை. துணியைப் பிழிந்து துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றி எடுக்கிறோம். பல தலைமுறையாக வாளி வாளியாக நீரூற்றிப் பழகிய வீட்டில் இதனை நடைமுறைப்படுத்துவதுதான் எல்லாவற்றினும் கடினமாயிருந்தது.

உம்மா கீழ்த்தளத்தில் பகலில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார்கள். இரவில் இன்னும் பிடிக்கிறார்கள்.

பலகை பதித்தது 2024இல். அவ்வாண்டு கார்த்திகை மழையில் தம்பி விடுப்பில் வந்தான். பெட்டியை இறக்கி வைத்ததும் ஒரு மூலையில் மண்டியிட்டு, மரப்பட்டையைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, அளவுகோலை இடுக்கில் நுழைத்துப் பார்த்தான். 12 மில்லிமீட்டராக விட்டது 9 ஆகியிருந்தது. “இன்னும் எடம் இருக்கு, காக்கா” என்று சொல்லிவிட்டுப் பட்டையை மீண்டும் பொருத்தினான்.