மூலம் ஒன்று

என் ஊர் பாலக்காட்டுச் சித்தூர், அறைத்தோழன் மூணாற்றுக்காரன். இருவருக்கும் வீட்டில் தமிழ், அலுவலகப் படிவத்தில் மலையாளம். ஊரார்க்கு உதவ இருமொழிக் கைப்பேசிச் செயலி ஒன்று செய்ய முனைந்தோம். "மொழிக்கொரு நிரல் நகல் வைப்போமே!" என்றான் தோழன். நான் இசையவில்லை. ஒரு நகலில் திருத்திய பிழை மற்றதில் உயிரோடிருக்குமல்லவா?

'கொ'வைப் பாருங்கள்: கொம்பு முன்னே, கால் பின்னே. மலையாளத்திலும் அப்படியே. இரண்டையும் திரையில் ஒழுங்காக அமைப்பது ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே பொது நிரல் நூலகம். ஆண்ட்ராய்டு, பயர்பாக்ஸ், லிபரே ஆபீஸ் யாவும் அதையே நாடுகின்றன. அது சி++ மொழியில் எழுதப்பட்டது. ஆகவே ஆர்ம் சில்லுக்கு ஒன்று, எக்ஸ்86 சில்லுக்கு ஒன்று எனத் தனித்தனியே தொகுக்க வேண்டும். அவற்றைக் கிரேடில் செயலிக்குள் கட்டி வைக்கும். தொகுப்பு பல, மூலம் ஒன்றே.

தோழர்களே! பொதுவானதை ஓரிடத்தில் வைப்போம். வேறுபடுவதை மட்டும் பிரிப்போம். எல்லையில் பிறந்த நமக்கு இது புதிய பாடமா?