போர்டு மாஸ்டரின் கசெட்டுகள்

ஹட்டனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைப் பைகளையே ஓவியத்தின் பரப்பாக்கியவர். கொழும்பில் அவருடைய படைப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இரத்தினபுரிப் பக்கம் ஆசிரியராக இருக்கும் நண்பர் குறுக்கிட்டார். “மலையகக் கலை என்றால் எல்லோரும் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும்தான் போகிறீர்கள். சப்ரகமுவவிலும் நம் சனம் இருக்கிறது. எங்கள் போர்டு மாஸ்டரை ஒருமுறை வந்து பாருங்கள்” என்றார்.

இறக்குவானைக்கு அப்பால், தேயிலையும் இறப்பரும் கலந்து கிடக்கும் ஒரு தோட்டம். பழைய லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கிறார் போர்டு மாஸ்டர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சுற்று வட்டாரத்துக் கோயில் சுவர்களில் முருகனையும் மாரியம்மனையும் வரைந்தவர் அவர். தோட்டத்துப் பெயர்ப் பலகைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியதும் அவர்தான். பிற்பாடு கலியாண வீட்டு வீடியோக்காரர் ஆனார்.

நான் போன அன்று கோயில் திருவிழாவுக்காக ஒரு பலகை எழுதிக்கொண்டிருந்தார். சோக்குத் தூளில் புரட்டிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டார். பலகையில் மயிரிழையாக வெள்ளைக்கோடு விழுந்தது. நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு குச்சியைப் பலகையில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை ஊன்றினார். தூரிகை எனாமலைத் தொட்டு டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துக்கொண்டு வந்தது. ‘ஸ்ரீ’யின் சுழியைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடித்தார்.

“எழுத்துன்னா மொதல்ல கோடு தம்பி. கோடு கோணுனா பேரு கோணிரும். எங்கப்பா பால் வெட்டுறவரு. பட்டையத்தான் சீவணும், உள்ள மரத்துல காயம் பட்டுறக் கூடாது. அந்தக் கைதான் எனக்கு வந்துருக்கு.”

அப்பா வெட்டிய மரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள் முளைத்து, 1876இல் கன்றுகளாகக் கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு ஆரம்பம் அங்கேதான். கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் அந்த மரங்களை நட்டு, விடியுமுன் போய்ப் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள். அவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து வைத்தது. மாஸ்டரின் அக்கா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனது. இவர் இங்கேயே நின்றுவிட்டார்.

இறக்குவானை டவுனில் ஒரு சிங்கள ஓவியரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் படித்தார். வட்டம் வட்டமாகச் சுழலும் சிங்கள எழுத்தில்தான் கை முதலில் பழகியது என்கிறார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் தமிழர்மீது தாக்குதல் நடந்தபோது இவருடைய லயமும் எரிந்தது. கோயிலுக்கென்று வரைந்து வைத்திருந்த படங்கள், தூரிகைகள், பெயின்ட் டப்பாக்கள் எதுவும் மிஞ்சவில்லை. பலரைப்போல வவுனியாவுக்குப் போய், பிறகு திரும்பி வந்தார். திரும்பியவருக்குப் புதுத் தூரிகை வாங்கப் பணம் கொடுத்தவர் அந்தச் சிங்களக் குருநாதர்.

எண்பதுகளின் கடைசியில் டவுன் ஸ்டூடியோ ஒன்று வீடியோ கெமரா வாங்கியது. தோட்டத்துக் கலியாணங்களுக்குப் போக ஆள் தேவைப்பட்டது. படம் வரைகிறவனுக்குச் சட்டகம் தெரியும் என்று மாஸ்டரைக் கூட்டிப்போனார்கள். எடிட்டிங் வேலையெல்லாம் டவுனில் நடந்தது. தலைப்பு அட்டை மட்டும் இவருடையது.

அந்த அட்டைகளை எனக்குக் காட்டினார். கறுப்புச் சார்ட் தாளில் வெள்ளைப் போஸ்டர் கலரால் எழுதியவை. மணமகன், மணமகள் பெயருக்குக் கீழே பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், தாத்தா வந்த ஊரின் பெயர்வரை இருந்தன. அட்டையைச் சுவரில் சாய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, கெமராவை மெல்ல நெருக்கிக்கொண்டு போவாராம். பிறகுதான் பந்தலும் மேளமும். “இந்தியாவுல இருக்கிறவங்களுக்குத் தம்பி இது. அக்கா மகளுக்குப் பிள்ளைகள அடையாளம் தெரியாதில்ல? அதனால பேர் எழுதி வைப்பேன்” என்றார். கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போன கசெட்டுகளின் பிரதிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன.

எனக்கு ஜூலியா மார்கரெட் கேமரன் நினைவுக்கு வந்தார். 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் இங்கேயே இறந்த பெரும் புகைப்படக் கலைஞர். இங்கே தொழிலாளர்களையும் படமெடுத்தார். அந்த முகங்கள் பலவற்றுக்கு இன்றும் பெயரில்லை. 1890இல் தொடங்கிய கொழும்பு பிளாட்டே ஸ்டூடியோவின் அஞ்சலட்டைகளில் வரும் கொழுந்துப் பெண்களின் கதையும் அதுதான். நம்மைப் பிறர் எடுத்த படங்களில் கூடை தெரிகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. மாஸ்டரின் கசெட்டில் ஒவ்வொருவரும் பெயரோடு இருக்கிறார்கள். 1946இல் கராச்சியில் பிறந்து பிரிவினையில் அகதியாக இந்தியா வந்த நளினி மலானி, ஓவியத்திலிருந்து வீடியோவுக்கு நகர்ந்ததை உலகக் காட்சிக்கூடங்கள் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும், தகும். அதே வழியில் தூரிகையிலிருந்து கெமராவுக்கு நடந்த இந்த மனிதருக்கு ஒரு வரி அங்கீகாரம்கூட இல்லை.

கசெட் உறையில் இருப்பதும் ஸ்டூடியோவின் பெயர்தான். கலியாண வீட்டில் பேசிய தொகை ஸ்டூடியோவுக்கு, மாஸ்டருக்கு நாட்கூலி. அந்தக் கூலியும் மாதக்கணக்கில் இழுபட்டிருக்கிறது. போர்டு வேலையிலும் இடையில் ஒரு கொந்தராத்துக்காரர். நம் சனத்துக்கு இது பழைய கணக்கு. பாட்டன் காலத்தில், ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு. கொழுந்து எடுத்தவளுக்கு ஏலத்தில் போன விலை தெரியாது. பால் வெட்டியவனுக்கு அது எந்த டயரானதென்று தெரியாது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகுதான், 2021இல், நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டது. கையால் வேலை செய்கிறவனுக்கும் அதை வாங்குகிறவனுக்கும் நடுவே நிற்பவன், தூரிகையும் பிடிக்காமல் கத்தியும் பிடிக்காமல் வீடு கட்டிவிடுகிறான். கலைஞனுக்கு மாலை போடுவதற்கு முன் அவன் கூலியைக் கொடுங்கள், அவன் பெயரைப் போடுங்கள். இதற்கு எந்தச் சட்டமும் வரவேண்டியதில்லை. மனம் இருந்தால் நாளைக்கே செய்யலாம்.

இன்று ஃபிளெக்ஸ் பலகை வேலையை எடுத்துக்கொண்டது. கலியாணத்தைப் பையன்கள் போனில் எடுத்து உடனே ஏற்றிவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. சனம் தன் படத்தைத் தானே எடுக்கிறதென்றால் சந்தோஷம்தான். கவலையெல்லாம் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றித்தான். இரத்தினபுரியின் மழைக்கும் ஈரத்துக்கும் சில கசெட்டுகளின் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. கடைசியாக விசிஆர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடக்கூடிய பழைய கருவிகள் பழுதாகிவிட்டால் நாடாவில் இருப்பதைப் பார்க்க வழியிருக்காது.

ஆகவே சொல்கிறேன். 2005இலிருந்து தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் ‘நூலகம்’ நிறுவனம் போன்ற அமைப்புகளும், பல்கலைக்கழகங்களின் நுண்கலைத் துறைகளும், கொழும்பின் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வரவேண்டும். இறக்குவானையில் ஒரு பெட்டி இருந்தால் தெரணியகலையிலும் யட்டியாந்தோட்டையிலும் வேறு பெட்டிகள் இருக்கும். ஓடுகிற ஒரு விசிஆர், ஒரு கணினி, தோட்டத்துப் பாடசாலையில் படித்த இரண்டு பிள்ளைகளுக்கு முறையான சம்பளம் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். அட்டைகளை எழுதியவர் இன்னும் திடமாக இருக்கிறார். படத்தில் வரும் முகங்களைப் பார்த்து யார், எந்த டிவிஷன், யாருடைய பேத்தி என்று சொல்ல அவரால் முடியும். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் வேலையை இந்த வருடமே தொடங்க வேண்டும்.