‘இல்லை’ என்று எழுதிய இடம்

அக்கா மகள் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய தாள்களுடன் காரைக்குடிக்கு வந்தாள். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்ற ஒரே காரணத்தால் எங்கள் குடும்பத்துப் படிவங்கள் எல்லாம் என் மேஜையைத் தொட்டுத்தான் போகும். பெரியம்மை கண்டதுண்டா, ரத்தம் துப்பியதுண்டா, மயக்கம் வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "மாமா, இதுல உங்களைப் பத்தி எழுதணுமா?"

அவளுக்குத் தெரியும் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

அவள் விரல் வைத்திருந்த வரி எனக்குப் பழக்கமானது. ஏறக்குறைய அதே வரிக்கு நானும் ஒரு தடவை பதில் எழுதியவன். நீங்களோ உங்கள் நெருங்கிய உறவினர் எவரேனுமோ க்ஷயம், கண்டமாலை, கீல்வாதம், ஆஸ்த்மா, வலிப்பு, பைத்தியம் இவற்றால் பீடிக்கப்பட்டதுண்டா என்று கேட்கிறது அது. வெள்ளைக்காரன் காலத்து வாசனை போகாத இங்கிலீஷ். கண்டமாலை என்ற வார்த்தையை இன்று எந்த டாக்டர் வாயிலும் கேட்க முடியாது. படிவத்தில் அது சிரஞ்சீவி. இன்னொரு கேள்வி இதைவிட விசேஷம். அதிக வேலையாலோ வேறெந்தக் காரணத்தாலோ எந்த விதமான நரம்புத் தளர்ச்சியாவது ஏற்பட்டதுண்டா? ‘நெர்வஸ்னெஸ்’ என்பதைத்தான் இப்படிச் சொல்கிறேன், ஊர்ச் சுவர்களில் லாட்ஜ் வைத்தியர்கள் இதே சொல்லை வேறு காரியத்துக்கு உபயோகிக்கிறார்கள் என்பது தெரிந்தும். எந்த விதமான, வேறெந்தக் காரணத்தாலும்! இவ்வளவு அகலமாக வலை விரித்தால் மாட்டாத மனிதன் யார்? காதலித்தவன், பரீட்சை எழுதியவன், கவிதை எழுதியவன் எல்லாருமே உண்மையைச் சொல்வதென்றால் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும். யாரும் எழுதமாட்டார்கள் என்று தெரிந்தே கேட்கப்படும் கேள்வி இது. அடியில் ஒரு மிரட்டல் வேறு: தெரிந்தே எதையாவது மறைத்தால் வேலை போகும், ஓய்வூதியமும் பணிக்கொடையும் போகும்.

2008இல், கல்லூரிக் கடைசி வருஷம், எனக்கு இருபது வயது. பத்து நாள் தூங்கவில்லை. தூக்கம் தேவைப்படவில்லை. எலியட்டையும் மௌனியையும் ஒரே சூத்திரத்தில் கட்டிப்போடும் புதிய அழகியலைக் கண்டுபிடித்துவிட்டதாக ராத்திரி இரண்டு மணிக்கு நண்பர்களைத் தட்டி எழுப்பிச் சொன்னேன். (அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. நோய் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.) பிறகு ஒரு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மதுரையில் ஐந்து வாரம் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். டாக்டர் ‘பைபோலார்’ என்றார்.

அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. ஐந்தொகையில் ஒரு பைசா பிசகினாலும் ராத்திரி சாப்பிடமாட்டார். அவர் ஊரில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்தபோது தெருவே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது. குடித்தேன். அம்மா மூன்று மாதம் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினாள், பார்க்கிறவர்களுக்காக. பொய்க்கும் பத்தியம் இருந்தது.

2012இல் வங்கியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. படிவத்தை நிரப்பும்போது அப்பா பக்கத்தில் நின்றார். இப்படிப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார். ‘இல்லை’ என்று எழுதினேன்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லைப் பராமரிப்பது ஒரு தனி உத்தியோகம். லித்தியம் ஓர் உப்பு. தினம் ராத்திரி சாப்பிடுகிறேன். அது ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காரைக்குடியில் பார்க்கமாட்டேன், ரத்தம் எடுக்கிற பையன் என் கவுண்ட்டருக்குப் பணம் கட்ட வருகிறவன். பஸ் ஏறி மதுரை போகிறேன். லித்தியத்தால் விரல் நுனியில் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. கேஷில் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிறவனுக்கு அது எப்படிப்பட்ட பக்க விளைவு என்று அதைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யாராவது கேட்டால் காப்பி அதிகம் என்பேன்.

இதற்கிடையில் நான் விமர்சகனானேன். இந்தப் பக்கங்களிலேயே எத்தனை கவிஞர்களை அனுபவ நேர்மை இல்லை என்று சாடியிருக்கிறேன். இரவல் வலி, பொய்த் தொனி என்றெல்லாம் எழுதிய கை, தன் சம்பளத்துக்கு ஆதாரமான தாளில் ஒரே சொல் எழுதியிருக்கிறது, அதுவும் பொய்.

படிவம் எதற்கு வந்தது என்று யோசிக்கும்போது இந்த ஊரின் பழைய வழக்கம் ஞாபகம் வருகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்தவர்கள் பெட்டியடிப் பையனாக ஒருவனை எடுத்தபோது அவனிடம் கேள்வித்தாள் நீட்டவில்லை. எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வீடு, தாத்தா எப்படிச் செத்தார் எல்லாம் முன்பே தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு போன ஒரு வீட்டில், வளவைத் தாண்டிப் பின்கட்டில், ஒருவர் எப்போதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வேளாவேளைக்குச் சாப்பாடு போகும். பெண் பார்க்க ஆட்கள் வருகிற அன்று கதவு சாத்தியிருக்கும். ஊருக்கெல்லாம் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அலுவலகத்துக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே கேட்கிறது. பின்கட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில் வித்தியாசமில்லை. தனக்கு என்ன நேர்ந்தது என்று தன் வார்த்தையில் சொல்ல இருவருக்குமே இடம் கிடைக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலை ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் விடுதி தீப்பற்றி 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. 1985 வரை அவர்களும் நாங்களும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பத்திரிகைப் படங்களைப் பார்த்த பிறகும் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏர்வாடி என்பது வசவாகவே இருந்தது, சென்னையில் கீழ்ப்பாக்கம் மாதிரி. இன்றைக்கும் கேஷ் டேலி ஆகாத சாயங்காலத்தில் யாராவது யாரையாவது ஏர்வாடிக்கு அனுப்புகிறார்கள். எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன், கொஞ்சம் கூடுதலாகவே.

சட்டம் மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. 1995ஆம் வருஷச் சட்டம் மனநோயையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வேலைக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் அதற்குப் பங்கு தரவில்லை. 2016 சட்டம் அதை 4 சதவீதமாக்கி, அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு முதலியவற்றோடு மனநோய்க்கும் சேர்த்துக் கொடுத்தது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரத்தை வைத்தியம் பார்க்கிறவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. டாக்டரின் வாயைக் கட்டியாயிற்று, படிவத்தின் வாயைக் கட்டவில்லை. இங்கிலாந்தில் 2010ஆம் வருஷச் சட்டப்படி, வேலை தருகிறேன் என்று சொல்லும் முன் உடல்நலம் பற்றிப் பொதுவாகக் கேட்கக் கூடாது. நம் படிவம் தேர்வுக்குப் பிறகு வருவது, ஆகவே அந்தச் சட்டம் இங்கே இருந்தாலும் என்னைக் காப்பாற்றியிராது.

ஒதுக்கீட்டில் வர 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். மனநோயைச் சதவீதமாக்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என்ற நாலுக்கும் பூஜ்யத்திலிருந்து 4 வரை. நோய் எத்தனை வருஷம் என்பதற்கு மேலும் 1 முதல் 4. மொத்தம் 20க்கு 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொடலாம். ஒரு லீவு நாளில் எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆனதால் காலத்துக்கு 4. பழகுவதற்கு 1, இலக்கியக் கூட்டங்களையும் கணக்கில் சேர்த்தால் 2. வேலைக்குப் பூஜ்யம், தினம் நேரத்துக்குப் போகிறேனே. எப்படிக் கூட்டினாலும் ஏழு வரவில்லை. மாத்திரை வேலை செய்வதால் சட்டத்தின் கண்ணில் நான் ஊனமுற்றவன் அல்ல. மாத்திரை சாப்பிடுவதால் மற்றவர்கள் கண்ணில் ஆரோக்கியசாலியும் அல்ல. ‘ஆம்’ என்பதற்குச் சட்டம் போட்டிருக்கும் கட்டத்தில் எனக்கு இடமில்லை. ‘இல்லை’ என்பது பொய். வேலைக்காகத் தரும் ஒதுக்கீட்டுக்கு, வேலை செய்ய முடிவது ஒரு குறையாகிறது என்பதை யோசித்தார்களோ என்னவோ.

‘ஆம்’ என்று சொன்ன ஒருவரைச் செய்திகள் மூலம் அறிவேன். என் வியாதிதான். டெல்லியில் நீதிபதி வேலைக்கு அதைச் சொல்லியே விண்ணப்பித்தார், தேர்வில் தேறியும் மறுக்கப்பட்டார். 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு மேலே போய், 2021இல் உச்ச நீதிமன்றம் அவரை நியமிக்கச் சொன்னது. சட்டம் படித்தவர், வழக்காட முடிந்தது. என் அக்கா மகளிடம் இதை ஒரு தைரியமாகச் சொல்ல நினைத்தேன். நடுவில் போன வருஷங்களை எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை.

நம் வட்டத்துக்குள் நிலைமை வேறு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ‘ழ’ நடத்திய ஆத்மாநாம் 1984 ஜூலையில், முப்பத்து மூன்று வயதில், தன்னை முடித்துக்கொண்டார். அவரைப் பற்றிய பேச்சுகளில் அவருடைய நோய் ஏதோ கவிதையின் ஊற்று மாதிரி ஆகிவிடுகிறது. நானும் அப்படி ஒரு பக்கம் எழுதியவன்தான், திரும்பப் படிக்கக் கூசுகிறது. நோய் உச்சத்தில் இருந்தபோது நான் எழுதியது அந்த நோட்டுப் புத்தகம். அவர் எழுதியது நோயையும் மீறி எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். கவிஞனுக்கு மனநோய் என்றால் கூட்டம் மரியாதையாகத் தலையாட்டுகிறது. கேஷியருக்கு மனநோய் என்றால் பணத்தை இரண்டாந்தரம் எண்ணிப் பார்க்கும், அதே கூட்டம்.

அவள் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விமர்சகனானேன். ‘நெருங்கிய உறவினர்’ என்றால் யார் யார் என்று படிவம் விளக்கவில்லை, பெற்றோரும் உடன்பிறந்தாரும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம், மாமன் அதில் வரமாட்டான் என்று விளக்கினேன். இங்கிலீஷில் இந்த வாதம் நிற்கும், அங்கே நான் ஓர் ‘அங்க்கிள்’. தமிழில் நிற்காது. இவளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள், அப்போதே விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப இல்லைன்னு போடவா, மாமா?"

"போடு."

"நீங்க இன்னும் மாத்திரை சாப்பிடுறீங்கள்ல?"

"ராத்திரி ராத்திரி."

"விட்டுறாதீங்க" என்றாள், பெரிய மனுஷி போல.

இதைப் படிப்பவர்கள் 300 பேர் இருந்தால் அதிகம். என் மேலதிகாரி அதில் இல்லை. இருந்தாலும் பாதகமில்லை, கட்டுரை வழக்கம்போல என் புனைபெயரில்தான் வருகிறது.

அவள் போன பிறகு தாள்களை உறையில் போடுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்தேன். கையெழுத்து இடம் காலியாக இருந்தது, அதை டாக்டர் எதிரில்தான் போட வேண்டும். மற்ற பதில்களையெல்லாம் நீல மையில் எழுதியிருந்தாள். அந்த ஒரு ‘நோ’ மட்டும் பென்சிலில் இருந்தது.